படலை திறந்த வீடுகள்: ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணக் கத்தோலிக்கர்



சமயத்தின் பொருட்டுத் துன்புற்றோரைப் பற்றிப் பேசப் புகும்பொழுது, வாளுக்கும் நெருப்புக்கும் இரையானவர்களையே நாம் முதலில் நினைக்கின்றோம். அஃது இயல்பே. 1544ஆம் ஆண்டில், புதிதாகக் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவிய மன்னார்த் தீவு மக்கள் பல நூற்றுவர், யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் வெட்டுண்டு மாண்டனர். அவர்கள் கதையை நேயர்களிற் பலர் அறிவீர்கள். நான் இன்று பேசக் கருதியது அவர்களைப் பற்றியன்று. உயிரை ஒரே நாளிற் கொடுக்கும்படி கேட்கப்படாமல், ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் நாள்தோறும் சிறிது சிறிதாகத் துணிவு காட்டும்படி கேட்கப்பட்ட குடும்பங்களைப் பற்றியே பேச எண்ணுகின்றேன். அவர்களிற் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் செய்த காரியமும் பார்வைக்குச் சிறியது. இருட்டில் ஒருவர் வந்து அழைத்தபொழுது வேலிப் படலையைத் திறந்தார்கள், அவ்வளவே.

1658ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்த முற்றுகையின் பின், யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறிற்று. கோட்டையோடு கோயில்களும் மாறின. தெல்லிப்பழை, பண்டத்தரிப்பு, வட்டுக்கோட்டை, அச்சுவேலி முதலிய ஊர்களிற் போர்த்துக்கேயக் குருமார் எழுப்பியிருந்த கோயில்களிலிருந்து சுரூபங்கள் அகற்றப்பட்டன. அதே சுவர்களுக்குள் ஒல்லாந்தரின் சீர்திருத்த சபைப் பிரசங்கம் தொடங்கிற்று. கத்தோலிக்கக் குருமார் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அவ்வாண்டிலேயே பிறந்த ஒரு கட்டளை, கத்தோலிக்கக் குரு ஒருவருக்கு இடங்கொடுத்து மறைத்துவைப்போர்க்கு மரண தண்டனை என்று விதித்தது. வெற்றி பெற்றவர்கள் அச்சமின்றி இருந்தார்கள் என்று எண்ணிவிடக்கூடாது. போர்த்துக்கேயர் மீண்டு வருவர் என்ற ஐயம் அவர்களை விட்டு நீங்கவில்லை. ஆகவே, குருவானவர் ஒருவர் வந்தாரென்றால், அவரைப் பகையரசின் ஒற்றரென்றே அவர்கள் கண்டார்கள்.

ஆயினும், சாதாரண குடிமகனை வருத்தியது அந்த மரண தண்டனைக் கட்டளையன்று. அவனை வருத்தியது ஒரு புத்தகம். அதற்குத் தோம்பு என்று பெயர். காணித் தோம்பு வேறு. யான் கூறுவது பாடசாலைத் தோம்பு. கோயிற்பற்றுத்தோறும் ஒரு பாடசாலை. பாடசாலைதோறும் ஓர் உபாத்தியாயர். அவர் கையில் ஒரு தோம்பு. பிறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆயிற்றா என்பது அதிற் பதியப்படும். விவாகம் அதிற் பதியப்படும். விவாகத்துக்கு முன், மணமக்கள் கர்த்தருடைய செபத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கற்பனைகளையும் ஒப்புவிக்கவேண்டும். பிள்ளைகள் பாடசாலைக்கு வாராவிடின் தாய்தந்தையர் குற்றப்பணம் செலுத்தவேண்டும். தோம்பிற் பதியாத விவாகம் சட்டத்தின் கண்ணில் விவாகமன்று. அவ்வாறு பிறந்த பிள்ளை முதுசத்துக்கு உரிமை கேட்டு வழக்காடமுடியாது. முதலியார், உடையார் முதலிய உத்தியோகங்கள் வேண்டுமாயினும் சீர்திருத்த சபையின் ஞானஸ்நானம் வேண்டும்.

நேயர்களே, இந்த ஏற்பாட்டின் திறமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். இங்கே கொலைக்களமும் கழுமரமும் இல்லை. பிள்ளையின் பெயர், மகளின் கலியாணம், தகப்பன் விட்டுச்சென்ற பத்துப் பரப்புக் காணி ஆகியவையே கருவிகள். ஒரு மனிதன் தன்னுயிரைத் துச்சமாக மதிக்கலாம். மகளின் சீதனக் காணியைத் துச்சமாக மதிப்பது கடினம்.

விளைவு யாதெனில், எண்ணிக்கை பெருகிற்று. அக்காலத்தில் யாழ்ப்பாணத்திற் போதகராயிருந்த பிலிப்புஸ் பால்டேயுஸ் என்பவர், 1672ஆம் ஆண்டில் வெளிவந்த தம் பெருநூலில், ஆட்சி மாறிச் சில ஆண்டுகளுக்குள் யாழ்ப்பாணப் பகுதியில் 60,000க்கு மேற்பட்ட கிறிஸ்தவர்கள் பதிவாகியிருந்ததாகக் கணக்குத் தருகின்றார். அவர் நேர்மையான மனிதர், தமிழ் பயின்றவர், ஊரூராகச் சென்றவர். இவர்களிற் பலர் பெயரளவிலேயே கிறிஸ்தவர் என்பதையும் அவர் அறியாதவரல்லர்.

அந்தத் தோம்பிற் பெயர் எழுதப்பட்ட கத்தோலிக்கர் கோழைகளா? இக்கேள்வியைப் பலர் கேட்டிருக்கின்றனர். ஞாயிற்றுக்கிழமை உபாத்தியாயரின் முன்னே அமர்ந்து பிரசங்கம் கேட்டுவிட்டு, வீடு திரும்பிக் கதவைச் சார்த்தி, பாட்டி சொல்லித்தந்த மங்கள வார்த்தை மந்திரத்தைச் செபித்த குடும்பத்தைப் பற்றி நாம் என்ன தீர்ப்புக் கூறுவது? கடுமையான தீர்ப்புக் கூற என் மனம் ஒருப்படவில்லை. இரட்டை வாழ்க்கை எளிதான வாழ்க்கையன்று. பகலில் அடங்கிப்போன அந்த வீட்டினரே இரவில் எதனைப் பணயம் வைத்தனர் என்பதைப் பின்னர்க் காண்போம்.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்லிவிடுவது முறை. இவ்வாறு மறைந்து வழிபடும் வாழ்க்கை கத்தோலிக்கர்க்கு மட்டும் உரியதன்று. அவர்கள் அதனை முதலில் அனுபவித்தவர்களுமல்லர். அவர்களுடைய சமயத்தவராகிய போர்த்துக்கேயரே முன்னர்ச் சைவக் கோயில்களை இடித்தவர்கள். பறங்கியர் காலத்தில், விரத நாளில் உண்ட வாழையிலையை வெளியே எறியவும் அஞ்சி, வீட்டு இறப்பிற் செருகி மறைத்துவைத்த சைவக் குடும்பங்களைப் பற்றிய கதை இன்றும் யாழ்ப்பாணத்தில் வழங்குகின்றது. அவ்விலையை மறைத்த கைக்கும், பின்னாளிற் செபமாலையை மறைத்த கைக்கும் அதிக வேற்றுமை இல்லையென்றே எனக்குத் தோன்றுகின்றது.

இவ்வாறு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழிந்தன. பூசையில்லை, பாவசங்கீர்த்தனம் கேட்பாரில்லை, சாகிறவனுக்கு அவஸ்தை பூசுவாரில்லை. 1658இற் குழந்தையாயிருந்தவன் 1687இற் குடும்பத் தலைவன். குருவானவர் ஒருவரைக் கண்ணாற் கண்ட நினைவு அவனுக்கில்லை. அவனுக்குச் சமயமென்பது தாய் வாய்ச் செபமும், பெட்டகத்தின் அடியிற் கிடந்த ஒரு சிலுவையுமே. அந்நிலை இன்னும் ஒரு தலைமுறைக்கு நீண்டிருந்தால் அதுவும் மங்கியிருக்கும்.

இந்நிலைமை பற்றிய செய்தி கோவாவிலிருந்த ஓர் இளங்குருவின் காதில் விழுந்தது. அவரே யோசேவாஸ் அடிகளார். 1651ஆம் ஆண்டு சித்திரை மாதம் 21ஆம் தேதி, கோவாவைச் சேர்ந்த பெனோலிம் என்னும் ஊரிற் பிறந்தவர். கொங்கணிப் பிராமணக் குலத்தவர். 1676இற் குருப்பட்டம் பெற்றவர். ஐரோப்பியக் குரு ஒருவர் இலங்கைக் கரையில் இறங்கினால், அவருடைய நிறமே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்நாட்டு மனிதரைப் போன்ற தோற்றமுடையவரே உள்ளே நுழையமுடியும் என்பதை அவர் உணர்ந்தார். 1686இல், யோவான் என்னும் ஓர் ஏவலிளைஞனை மட்டும் துணைக்கொண்டு கோவாவை விட்டுப் புறப்பட்டார். குருவுடையைக் களைந்து, கூலியாள் போல் இடையில் ஒரு துண்டு உடுத்து, வெறுங்காலோடு தூத்துக்குடியை அடைந்தார். அங்கிருந்து புறப்பட்ட தோணி காற்றில் அலைக்கழிந்து, மன்னார்க் கரையில் ஒதுங்கி, பின்னர் யாழ்ப்பாணம் சேர்ந்தது. அஃது 1687ஆம் ஆண்டு.

வந்திறங்கியவரைக் கடுமையான வயிற்றுளைவு பற்றிக்கொண்டது. தொற்றுநோய் என்று அஞ்சிய ஊரார் அவரையும் யோவானையும் குடிமனைகளுக்கு அப்பால் ஒரு குடிசையில் ஒதுக்கினர். இரந்துண்ண எழுந்து செல்லவும் வலுவில்லை. அந்நிலையில் ஒரு பெண் அவர்களுக்குக் கஞ்சி கொண்டுவந்து வார்த்தாள் என்பர். அவள் எக்குலத்தவள், எச்சமயத்தவள் என்று நான் படித்த வரலாறுகளில் இல்லை. அவள் கொடுத்த கஞ்சி ஒரு குருவானவரின் உயிரைக் காத்தது என்பதை அவள் அன்று அறிந்திருக்கமுடியாது.

நோய் நீங்கியதும் அடிகளார் எதிர்நோக்கிய கேள்வி இது: இவ்வூரிற் கத்தோலிக்கர் யாவர்? எல்லாருடைய பெயரும் தோம்பில் இருக்கின்றது. எல்லாரும் பிரசங்கத்துக்குப் போகின்றார்கள். வாய்விட்டுக் கேட்டால், கேட்டவர் பிடிபடுவார், கேட்கப்பட்டவர் நடுங்குவார். ஆகவே அவர் ஓர் உபாயம் செய்தார். பெரிய செபமாலையொன்றைக் கழுத்தில் வெளித்தோன்ற அணிந்துகொண்டு, பிச்சைக்காரராய் வீடுவீடாகச் சென்றார். வாயினாற் கேட்டது பிச்சை. கண் கேட்டது வேறொன்று. பிச்சை இடவந்தவரின் பார்வை அந்த மாலையின்மீது தங்குகின்றதா, தங்கினால் அதில் வெறுப்புத் தோன்றுகின்றதா, ஏக்கம் தோன்றுகின்றதா என்று அவர் கவனித்தார்.

இக்கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அடிகளாரின் துணிவையே வியப்பார்கள். அது வியக்கத்தக்கதே. ஆனால், படலைக்கு இப்புறத்தில் நின்றவர்களின் நிலையையும் நாம் எண்ணவேண்டும். முற்றத்தில் ஒரு பரதேசி நிற்கின்றான். அவன் கழுத்திற் செபமாலை. இருபது முப்பது ஆண்டுகளாக எவரும் வெளிப்படையாக அணியத் துணியாத பொருள் அது. இவன் யார்? உண்மையில் வழிதவறி வந்த ஒரு கத்தோலிக்க ஏழையா? அல்லது கொமாந்தர் அனுப்பிய ஒற்றனா? இந்த மாலையைக் கண்டு ஒரு சொல் கூடுதலாகப் பேசிவிட்டால், நாளைக்கு விதானையார் படலையில் வந்து நிற்பாரா? பேசாமல் ஒரு பிடி அரிசியைப் போட்டு அனுப்பிவிடுவதே அறிவுடைமை. அவ்வாறு அனுப்பியவர்களும் பலர் இருந்திருப்பார்கள். அவர்களை நான் குறைகூறேன். ஆனால் யாரோ ஒருவர் அவ்வாறு அனுப்பவில்லை. யாரோ ஒருவர் அவரை அருகே அழைத்துத் தாழ்ந்த குரலில் வினவினார். குருவானவர் ஒருவரை இங்கே அழைத்துவர வழியுண்டா என்று அவ்வீட்டார் அந்தப் பிச்சைக்காரரையே கேட்டனர் என்றும், சில நாள் அவர்களை நன்கு அறிந்த பின்னரே அடிகளார் தம்மை இன்னாரென்று வெளிப்படுத்தினார் என்றும் கூறுவர். இரு பக்கத்திலும் ஐயம். இரு பக்கத்திலும் துணிவு.

பட்டினத்துக்குள் இருப்பது ஆபத்தென்று கண்ட நம்பிக்கையாளர் அவரைப் பண்டத்தரிப்புக்கு அணித்தான சில்லாலைக்கு அழைத்துச் சென்றனர். சில்லாலையார் தம் சமயத்தில் உறுதியானவர்கள் என்று அன்றே பெயர்பெற்றிருந்தனர். பகலில் அடிகளார் வெளியே தலைகாட்டார். இரவில் ஒரு வீட்டிற் பூசை. மற்றோர் இரவில் மற்றொரு வீடு. பாவசங்கீர்த்தனம், ஞானஸ்நானம், முன்னரே கூடி வாழ்ந்தோர்க்கு மெய்விவாகம் என்று ஓர் இரவுக்குள் ஓர் ஆண்டின் வேலை நடைபெறும். விடியுமுன் பீடமாக நின்ற பலகை மீண்டும் வீட்டுப் பலகையாகிவிடும். அடிகளார் இங்கேயே தமிழை நன்கு பயின்றார். ஓர் ஊரே ஓர் இரகசியத்தைக் காப்பது எளிதன்று என்பதை யாழ்ப்பாணக் கிராமத்தில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். வேலிக்கு வேலி வழக்குள்ள ஊர்களில், ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க ஒரு சொல் போதும். ஆயினும், சில்லாலையும் அயலூர்களும் இரண்டாண்டுகளுக்கு மேல் அவரைக் காத்தன.

இரகசியம் முற்றாக நிலைக்கவில்லை. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில், பூசைக்கெனக் கூடியிருந்த கத்தோலிக்கர்மீது ஒல்லாந்தப் போர்வீரர் பாய்ந்தனர். ஆணும் பெண்ணுமாகப் பலர் பிடிபட்டனர். அடிகளார் மட்டும் அகப்படவில்லை. பிடிபட்டோரிற் பலர் பொருள் இழந்தனர். ஆடவர் சிலர் கசையடியும் விலங்கும் பெற்றுக் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஒருவர், முன்னர் ஒல்லாந்தரின் சபையிலிருந்து கத்தோலிக்கத்துக்கு வந்தவர். அவரிடத்திற் கூடுதலான சினம் காட்டப்பட்டதென்றும், அடிபட்டே அவர் இறந்தாரென்றும் அடிகளாரின் சபையார் எழுதிவைத்த குறிப்புகள் கூறுகின்றன. குருவானவர் எங்கே என்ற கேள்விக்கு விடை கிடைத்திருந்தால், இலங்கைக் கத்தோலிக்க வரலாறு அவ்விரவோடு வேறு வழியிற் சென்றிருக்கும்.

இக்கடுமைக்கு அக்கால ஐரோப்பாவும் ஒரு காரணம். 1685ஆம் ஆண்டிற் பிரான்சிய மன்னன் பதினான்காம் லூயி, தன் நாட்டுப் புரொட்டஸ்தாந்தருக்கு இருந்த உரிமைகளை நீக்கி அவர்களை ஓடச்செய்தான். ஓடியவர்களிற் பலர் ஒல்லாந்தில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களோடு கசப்பும் சென்றது. எனினும் வரலாற்றின் விந்தையைப் பாருங்கள்: அதே காலத்தில் ஒல்லாந்தரின் நகராகிய அம்ஸ்டர்டாமிற் கத்தோலிக்கர் வீட்டு மச்சில் இரகசியக் கோயில் அமைத்துப் பூசை கண்டனர்; நகரத்து அதிகாரிகள் அதனைக் கண்டும் காணாதவர் போல் இருந்தனர். தாய்நாட்டிற் கண்ணை மூடியவர்கள் யாழ்ப்பாணத்திற் கண்ணைத் திறந்து வைத்திருந்தார்கள்.

தம்மால் மக்களுக்கு மேலும் துன்பம் நேராதிருக்கும்பொருட்டு அடிகளார் புத்தளம் சென்று, 1692இல் ஒல்லாந்தர் ஆட்சிக்கு அப்பாற்பட்ட கண்டி இராச்சியத்துட் புகுந்தார். அங்கும் சிறையே வரவேற்றது. கண்டியிலிருந்த பிரான்சியப் புரொட்டஸ்தாந்தராகிய லனெரோல் என்பவர், இவர் போர்த்துக்கேய ஒற்றர் என்று குற்றஞ்சாட்டினார். ஆயினும், பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியன் அவருடைய குணத்தை அறிந்து, பின்னர் அவர் தடையின்றி உழைக்க இடங்கொடுத்தான். 1697இற் கண்டியில் வைசூரி பரவி, உறவினரும் நோயாளரை விட்டு ஓடியபொழுது, அடிகளார் மதபேதம் பாராமல் அவர்களைப் பேணியதையும் இறந்தோரை அடக்கியதையும் நாடறியும். அவருடைய புகழை விரித்துரைப்பது எனது இன்றைய நோக்கமன்று. 1711ஆம் ஆண்டு தை மாதம் 16ஆம் தேதி கண்டியிலே காலமானார். 2015ஆம் ஆண்டு தை மாதம் 14ஆம் தேதி கொழும்பு காலிமுகத்திடலிற் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார்.

நம் பொருளுக்கு முக்கியமானது அவர் செய்து வைத்த ஓர் ஏற்பாடு. நாடு முழுவதற்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய குருமார். ஓர் ஊருக்கு ஆண்டில் ஒருமுறை செல்வதும் அரிது. எனவே, ஒவ்வோர் ஊரிலும் மூப்பர் என்றும் அண்ணாவி என்றும் பொறுப்பாளரை அவர் நியமித்தார். மூப்பர் சபையின் காரியங்களைப் பார்ப்பார்; அண்ணாவி செபம் சொல்லுவார், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பார், குருவானவர் இல்லாதபொழுது சாவுத்தறுவாயிலுள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பார். இவர்கள் உழவரும் மீன்பிடிகாரரும் சிறு வியாபாரிகளுமாவர். பகலிற் கடலுக்குப் போய் வந்தவர் மாலையிற் செபம் சொல்லுவார். குருவானவர் வரும் இரவில் வழிகாட்டி நடப்பார். பிடிபட்டால் முதலில் அடிபடுபவரும் அவரே. இந்நாளிலும் நம் கரையோரக் கோயில்களில் மூப்பர் என்ற பெயர் வழங்குவதைக் கேட்கலாம். அது எவ்வளவு ஆபத்தான பதவியாயிருந்தது என்பதை அதனைத் தாங்குவோர் சிலரேனும் நினைப்பதுண்டோ, அறியேன்.

1705ஆம் ஆண்டில் வந்த சாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் இயற்றினார். அச்சியந்திரம் ஒல்லாந்தருடையது, ஆகவே அவை ஏட்டில் எழுதப்பட்டுக் கைமாறிச் சென்றன. தபசு காலத்தில் நம் மக்கள் உருக்கமாக வாசிக்கும் வியாகுலப் பிரசங்கம் அவருடையதே. அத்தகைய ஏட்டை வீட்டில் வைத்திருப்பதும், அண்டை வீட்டார் கேட்கப் படிப்பதும், படித்தபின் கூரையில் மறைப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலையாய் இருந்திருக்கும் என்பது என் ஊகம். வெளியுலகத்துக்கு விடைசொல்ல வேண்டியவர் ஆடவர். வீட்டுக்குள் சமயத்தைக் காத்தவர் பெண்டிர்.

1796இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்து ஆங்கிலேயர் ஆட்சி வந்தது. தோம்பில் எழுதாவிடிற் காணி போகும் என்ற அச்சம் தளர்ந்தது. சில ஆண்டுகளுக்குள், அத்தோம்புகளில் எழுதப்பட்டிருந்த சீர்திருத்த சபைக் கிறிஸ்தவருட் பெரும்பாலோர் காணாமற்போயினர். பலர் தாம் உள்ளத்தில் என்றும் விடாதிருந்த சைவத்துக்கு வெளிப்படையாகத் திரும்பினர். சிற்றூர்க் கோயில்கள் கூரையிழந்து நின்றன. கத்தோலிக்கரோ, நூற்றைம்பது ஆண்டுக்குப் பின் தம் வீட்டு வாசலைத் திறந்து வைத்துச் செபிக்கத் தொடங்கினர்.

எனினும் சட்டம் உடனே மாறிவிடவில்லை. தேசாதிபதி சேர் தோமஸ் மெயிற்லன்ட் காலத்தில், 1806ஆம் ஆண்டு வைகாசி மாதம் 27ஆம் தேதி பிறந்த பிரமாணமே கத்தோலிக்கர்மீதிருந்த தடைகளை நீக்கிற்று. அப்பிரமாணம் சில வரிகளே கொண்டது. கத்தோலிக்கர் தம் சமயத்தை எவ்விடத்திலும் இடையூறின்றி அனுசரிக்கலாம். குடிமக்களுக்குரிய எல்லா உரிமைகளும் அவர்களுக்கு உண்டு என்று கூறியபின், அது ஒரு சிறு காரியத்தைக் குறிப்பிடுகின்றது. 1795ஆம் ஆண்டு ஆவணி மாதம் 26ஆம் தேதி தொடக்கம் கத்தோலிக்கத் திருச்சபை முறைப்படி நடந்த விவாகங்கள் யாவும், ஒல்லாந்தர் விதித்த முறைகளை அனுசரியாதிருப்பினும், சட்டத்தின் முன் செல்லுபடியாகும் என்பதே அது. அந்தப் பதினோராண்டிற் குருவானவர் முன்னிலையில் மட்டும் மணம் முடித்துத் தோம்பிற் பெயர் எழுதுவியாமல் வாழ்ந்த தம்பதிகள், அன்று முதல் சட்டப்படியும் கணவனும் மனைவியும் ஆயினர். அவர்களுடைய பிள்ளைகளுக்குக் காணி உரிமை பிறந்தது. அந்தத் தேதிக்கு முன்னே, கட்டளை கடுமையாயிருந்த காலத்தில், இருட்டில் மணம் முடித்தவர்களைப் பற்றி அப்பிரமாணம் ஒன்றும் சொல்லவில்லை.